சொன்னவரை யார் நிதானிப்பது? போதகர் ஐக்கியத்துக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

ஆண்டிறுதித் தீர்க்கதரிசனக் கூட்டங்களுக்கான சுவரொட்டிகளை நம் ஊரில் ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். "பெயர் சொல்லி அழைத்து வாக்கு உரைக்கப்படும்" என்று ஒன்றில் போட்டிருக்கிறது. கூட்டங்களை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. தீர்க்கதரிசன வரம் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துவிட்டது என்று வாதிடுகிறவளும் அல்ல. 1860இல் திருநெல்வேலிச் சீமையில் அருளப்பனின் ஊழியத்தில் எழுப்புதல் உண்டானபோது தீர்க்கதரிசனமும் அந்நிய பாஷையும் வெளிப்பட்டன. 1906இல் அமெரிக்காவின் அசூசா தெருவில் உண்டான பெந்தெகொஸ்தே எழுப்புதலுக்கு 46 ஆண்டுகள் முந்திய கதை அது. வரம் நமக்குப் புதிதல்ல. அதைச் சோதித்துப்பார்க்கும் பழக்கத்தைத்தான் நாம் எங்கோ தவறவிட்டிருக்கிறோம்.

"தீர்க்கதரிசிகள் இரண்டுபேராவது மூன்றுபேராவது பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்." 1 கொரிந்தியர் 14:29. இந்த வசனத்தின் முதல் பாதியை நாம் நன்றாகவே கைக்கொள்கிறோம். சொன்னதைச் சோதித்து முடிவுசெய்யும் இரண்டாம் பாதிக்கு நம் ஆராதனையில் இடமே இல்லை. வாக்கு வருகிறது, ஆமென் வருகிறது, காணிக்கைப் பை வருகிறது. மற்றவர்கள் எப்போது நிதானிப்பார்கள்?

யோசித்துப் பார்த்தால் நம்மிடமும் ஒரு நிதானிப்பு நடக்கத்தான் செய்கிறது. வாக்கைக் கேட்டவர் நிதானிக்கப்படுகிறார். நிறைவேறினால் ஊழியக்காரரின் அபிஷேகம். நிறைவேறாவிட்டால் விசுவாசிக்கு விசுவாசம் போதவில்லை, ஜெபம் போதவில்லை, வீட்டில் ஏதோ மறைவான பாவம். குழந்தைக்காக ஏங்கிய ஒரு சகோதரியை நான் அறிவேன். "அடுத்த வருஷம் இதே நாளில் உன் மடியில் ஆண் குழந்தை" என்று மேடையிலிருந்து சொன்னார்கள். மறுவருஷம் அந்த நாள் வந்தது, போனது. அதற்குப் பிறகு அவரைச் சந்தித்த ஒவ்வொருவரும், அன்பாகத்தான், எங்கே தவறு நடந்திருக்கும் என்று அவரிடமே விசாரித்தார்கள். சாட்சி சொல்லும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சபைக்கு வருவதை நிறுத்தினார். வாக்குச் சொன்ன ஊழியக்காரரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் அடுத்த ஊரில் அடுத்த மேடையில் இருந்தார்.

தீர்க்கதரிசி தவறலாமா என்று கேட்டாலே நம்மில் சிலருக்கு முகம் சிவக்கிறது. நாத்தானை நினைத்துக்கொள்ளுங்கள். ஆலயம் கட்ட விரும்பிய தாவீதிடம், "நீர் போய் உம்முடைய இருதயத்தில் உள்ளபடியெல்லாம் செய்யும், கர்த்தர் உம்மோடு இருக்கிறாரே" என்று சொல்லிவிட்டார். அன்று இரவே கர்த்தர் வேறு செய்தி கொடுத்தார். நாத்தான் அரண்மனைக்குத் திரும்பிப் போய், முதலில் சொன்னதற்கு மாறானதை ராஜாவின் முகத்துக்கு நேரே சொன்னார். அதனால் அவருடைய ஊழியம் கெட்டுப்போகவில்லை. பத்சேபாள் விஷயத்தில் "நீயே அந்த மனுஷன்" என்று சொல்லக் கர்த்தர் அனுப்பியதும் அவரைத்தான். 2021 ஜனவரியில் அமெரிக்காவில் ஜெரேமயா ஜான்சன் என்ற தீர்க்கதரிசன ஊழியர், டிரம்ப் மீண்டும் வெல்வார் என்று தான் சொன்னது தவறிவிட்டதென்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். கொலை மிரட்டல்கள் வந்ததாக அவரே எழுதினார். மிரட்டியவர்கள் நாத்திகர்கள் அல்லர். ஆகவே குற்றம் மேடையில் மட்டும் இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். தவறை ஒப்புக்கொள்ளும் ஊழியக்காரரைத் தாங்கும் பக்குவம் நம் விசுவாசிகளுக்கும் வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள்.

ஒரு பெரிய கூட்டமே நிதானிக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. ஐந்தரை ஆண்டுகளில் கிறிஸ்து வருவார் என்று 1875இல் திருவிதாங்கூரில் ஒரு தீர்க்கதரிசனம் எழுந்தது. வித்வான் குட்டி என்று அறியப்பட்ட யூஸ்தூஸ் யோசேப்பு, படித்தவர், குருப்பட்டம் பெற்றவர், பாட்டுகள் இயற்றியவர், அதை ஏற்றுக்கொண்டார். 1881 வந்தது. அவர்கள் எதிர்பார்த்தபடி எதுவும் நடக்கவில்லை. "அஞ்சரை வேதம்" என்ற பெயர்தான் நிலைத்தது. படிப்பும் பக்தியும் இருந்தால் ஏமாறமாட்டோம் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மருந்து விஷயம் எனக்கு மிகவும் பயமளிக்கிறது. "மாத்திரையைத் தூக்கிப்போடு" என்ற வாக்கைக் கேட்டு இன்சுலினை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வியாதிப்பட்ட எசேக்கியா ராஜா பிழைப்பான் என்ற வாக்கைச் சொன்ன அதே ஏசாயாதான், அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தார். வாக்கும் பற்றும் ஒரே வாயிலிருந்து வந்தன. ஏசாயாவைவிடப் பெரிய அபிஷேகம் நம் ஊரில் யாருக்கு இருக்கிறது?

வாக்கு உண்மையாகவே இருந்தாலும், அதைக் கேட்டவர் என்ன செய்ய வேண்டும் என்பது தனிக் கேள்வி. செசரியாவில், பிலிப்புவின் வீட்டில், அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, எருசலேமில் பவுலுக்கு நேரப்போவதைச் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் போகவேண்டாமென்று அழுதார்கள். அகபுவோ, அங்கே பதிவான அந்த வாக்கில், போகாதே என்று சொல்லவில்லை. நடக்கப்போவது ஒன்று, அதற்கு மற்றவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் இன்னொன்று. பவுல் செய்தியை மறுக்கவுமில்லை, பயணத்தை நிறுத்தவுமில்லை. "இவனைக் கட்டிக்கொள்", "நிலத்தை விற்று வெளிநாடு போ" என்றெல்லாம் முடிவையும் சேர்த்தே கையில் கொடுக்கும் வாக்குகளை இந்தச் சம்பவத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருமண விஷயத்தில் அந்தப் பெண்ணுக்கும் பரிசுத்த ஆவியானவர் இருக்கிறார் என்பதையாவது நினைத்துக்கொள்ளலாம்.

பணத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. ஆதிச் சபையின் கையேடாகிய திதாகே, ஆவியில் பேசுகிறேன் என்று தனக்காகப் பணம் கேட்கிறவனுக்குச் செவிகொடுக்க வேண்டாம் என்கிறது. ஏழைகளுக்காகக் கேட்டால் அவனை நியாயந்தீர்க்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்கிறது. அகபுவின் முதல் தீர்க்கதரிசனமும் அப்படித்தான்: பஞ்சம் வரும் என்றார், அந்தியோகியாவின் சீஷர்கள் யூதேயாவில் இருந்த சகோதரருக்கு உதவி அனுப்பினார்கள்.

ஆகவே உங்கள் ஐக்கியம் இந்தக் கூட்டங்களுக்கு முன் ஒரு தீர்மானம் எழுதி, எல்லாச் சபைகளிலும் வாசிக்க வேண்டுகிறேன். தனிநபர் வாக்குகள் இன்னொரு மூப்பர் முன்னிலையில் மட்டும் சொல்லப்படட்டும். கேட்டவர் அதை எழுதியோ கைபேசியில் பதிந்தோ வைத்துக்கொள்ளட்டும்; தடுக்காதீர்கள். மருந்து, திருமணம், சொத்து பற்றி மேடையில் கட்டளை வேண்டாம். நாளும் மாதமும் குறித்துச் சொன்னது தவறினால், சொன்ன மேடையிலேயே திருத்தம் வரட்டும். 2021 ஏப்ரலில் அமெரிக்க ஊழியர்களான மைக்கேல் பிரவுனும் ஜோசப் மத்தேராவும் முன்னின்று வெளியிட்ட அறிக்கையில், வெளிப்படையாகச் சொன்னது தவறினால் வெளிப்படையாகவே பொறுப்பேற்க வேண்டும் என்று தீர்க்கதரிசன வரத்தை நம்புகிறவர்களே ஒப்புக்கொண்டார்கள். நம்மால் முடியாதா?

"இது அவிசுவாசம்" என்று உங்களில் யாராவது சொல்வீர்கள் என்று தெரியும். பவுல் பிரசங்கித்ததையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்த பெரோயா பட்டணத்தாரை வேதம் நற்குணசாலிகள் என்கிறது.

உங்கள் அடுத்த ஐக்கியக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் தந்தால் நேரில் வந்து பேசவும், கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் ஆயத்தமாக இருக்கிறேன். அந்தச் சகோதரியும் வரச் சம்மதித்திருக்கிறார்.

கிறிஸ்துவின் பணியில்,
ஓர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை