மண்டப முன்பணம்: ரத்துக்கும் ஒரு நியாயமான கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருமண மண்டபங்களில் தரும் ரசீதின் பின்பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் படிக்கச் சிரமப்படும் சிறிய எழுத்தில், "செலுத்திய முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது" என்ற வரி பெரும்பாலும் அச்சாகியிருக்கும். நல்ல முகூர்த்தம் கைநழுவிவிடுமே என்ற பதற்றத்தில் பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் அதைப் பார்க்காமலேயே கையொப்பமிடுகிறார்கள். பார்த்தாலும் பயனில்லை, அடுத்த தெரு மண்டபத்திலும் அதே வரிதான். இந்த வரிக்குச் சட்டத்தில் உள்ள மதிப்பு மண்டபத்தார் சொல்லும் அளவுக்கு இல்லை என்பதையும், தமிழக அரசு இதில் தலையிட வேண்டும் என்பதையும் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

பத்திரிகை அடித்து, சமையலுக்கும் மேளத்துக்கும் சொல்லிவிட்ட பிறகு எவரும் விளையாட்டாகத் திருமணத்தை நிறுத்துவதில்லை. நெருங்கிய பங்காளி வீட்டில் இறப்பு நேர்ந்து தீட்டு வந்துவிடுகிறது. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டிலிருந்து விடுப்புக் கிடைக்காமல் போகிறது. சில நேரங்களில் சம்பந்தமே முறிந்துவிடுகிறது. இவையெல்லாம் குடும்பத்தின் பக்கம் எழும் காரணங்கள். 2020 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த ஊரடங்கும், 2023 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மிக்ஜாம் புயல் வெள்ளமும் வேறு வகையைச் சேர்ந்தவை. யார் கையிலும் இல்லாத காரணத்தால் நிகழ்ச்சி நடத்துவதே இயலாமலோ சட்டவிரோதமாகவோ ஆகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்றும், அவ்வாறு செல்லாமற்போன ஒப்பந்தத்தின்கீழ் பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் என்றும் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தன் 56, 65 ஆகிய பிரிவுகளில் கூறுகிறது. ஆயினும் ஊரடங்குக் காலத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கிடைத்த பதில், "வேறு தேதி தருகிறோம், பணம் தர இயலாது" என்பதுதான்.

குடும்பத்தின் காரணத்தால் ரத்தாகும்போதுகூட முன்பணம் முழுவதும் மண்டபத்துக்கே என்று சட்டம் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை மீறினால் இன்ன தொகை என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டிருந்தாலும், அந்தத் தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடு மட்டுமே கோரலாம் என்கிறது அதே சட்டத்தின் 74-ஆவது பிரிவு. ஒரு தரப்புக்கு இழப்பே நேராதபோது முன்பணத்தைப் பறிமுதல் செய்ய இந்தப் பிரிவு இடம் தருவதில்லை என்பதை, டெல்லி வளர்ச்சி ஆணையம் ஒரு தரப்பாக இருந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-இல் தெளிவுபடுத்தியது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ரத்தான அந்தத் தேதி மறுபடியும் வாடகைக்குப் போனதா, இல்லையா? எங்கள் உறவினர் ஒருவர் வீட்டுத் திருமணம் பாட்டியின் மறைவால், குறித்த நாளுக்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே தள்ளிவைக்கப்பட்டது. வளர்பிறை முகூர்த்தமாக இருந்ததால், அதே நாளில் அந்த மண்டபத்தில் வேறொரு குடும்பத்தின் திருமணம் விமரிசையாக நடந்தது. ஒரே நாளுக்கு இரண்டு குடும்பங்களிடம் பணம் பெற்ற மண்டபம், முதல் குடும்பத்துக்கு ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தரவில்லை.

மண்டபத்தார் பக்கமும் நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கட்டடம் வெறிச்சோடிக் கிடந்தாலும் சொத்து வரியும், மின் இணைப்புக்கான நிலைக்கட்டணமும், காவலாளியின் சம்பளமும் நிற்பதில்லை. பத்து நாட்களுக்கு முன்பு ஒருவர் வந்து ரத்து என்றால் அந்த முகூர்த்தத்துக்கு வேறு ஆள் கிடைக்க மாட்டார். அப்படிப்பட்ட ரத்துக்கு முன்பணத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்வதை யாரும் குறை கூற முடியாது. ஐந்து மாதத்துக்கு முந்தைய ரத்தையும் பத்து நாளுக்கு முந்தைய ரத்தையும் ஒன்றாகப் பாவிப்பதைத்தான் ஏற்க இயலவில்லை.

முன்பணத்தைவிட விசித்திரமானது காப்புத்தொகை விவகாரம். நாற்காலி உடைந்தாலோ, சுவரில் ஆணி அடித்தாலோ, பாத்திரம் குறைந்தாலோ ஈடுகட்டுவதற்காக வாங்கப்படும் தொகை அது. நிகழ்ச்சியே நடக்காத மண்டபத்தில் எந்த நாற்காலி உடையும்? அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வதற்கு எந்த விளக்கமும் இருக்க முடியாது. வாங்கிய முன்பணத்துக்கு ஜிஎஸ்டி கட்டிவிட்டதால் திருப்ப வழியில்லை என்று சொல்லப்படும் காரணமும் பொருந்தாது. சேவை அளிக்கப்படாமல் முன்பணத்தைத் திருப்பும்போது ரீஃபண்ட் வவுச்சர், அதாவது பணம் திருப்பியதற்கான சீட்டு, வழங்க ஜிஎஸ்டி சட்டத்தின் 31-ஆவது பிரிவே வகை செய்திருக்கிறது.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அளவுக்கு மீறிய காப்புத்தொகையையும், இழப்புக்குப் பொருந்தாத அபராதத்தையும், தக்க காரணமின்றி ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமையையும் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று வரையறுக்கிறது. மண்டபத்தாரே பெரிய இடத்து நிகழ்ச்சிக்காகத் தேதியை ரத்து செய்துவிட்டு, முன்பணத்தை மட்டும் நீட்டி அனுப்பிவிடுவது இந்த மூன்றாவது வகையில் அடங்கும். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. ஒப்பந்தமே நியாயமற்றது என்று முறையிடுவதற்கோ மாநில ஆணையத்தைத்தான் நாட வேண்டும். சில பத்தாயிரம் ரூபாய்க்காகக் கும்பகோணத்திலிருந்து அவ்வளவு தூரம் வழக்குக்கு அலைய எவருக்குத் தெம்பு இருக்கும்? இந்தக் கணக்கு மண்டபத்தாருக்கும் நன்றாகத் தெரியும்.

எனவே ஒவ்வொருவரையும் வழக்குக்கு அனுப்பாமல், அரசே ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட வேண்டும். திருமண மண்டபங்கள் 1965-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுக்கட்டடங்கள் உரிமச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற வேண்டியவை. அந்தச் சட்டம் கட்டடத்தின் பாதுகாப்பைப் பற்றியது என்றாலும், உரிமம் புதுப்பிக்கும்போது இந்த ஒப்பந்தத்தையும் நிபந்தனையாக்கத் தேவையான திருத்தத்தை அரசு கொண்டுவரலாம். தொண்ணூறு நாட்களுக்கு முன்பே ரத்து செய்தால் முன்பணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்கக் கூடாது. நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடலாம். அதே தேதி வேறொருவருக்குப் போய்விட்டால் முன்பு பிடித்ததையும் திருப்பிவிட வேண்டும். தேதி போனதா என்பதை அறிய, மண்டபத்தின் பதிவேட்டைப் பார்க்கும் உரிமை ரத்து செய்தவருக்கு இருக்க வேண்டும். காப்புத்தொகை முழுமையாக ஒரு வாரத்துக்குள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். கோயில் மண்டபங்களும் உள்ளாட்சிச் சமுதாயக் கூடங்களும் இதற்கு விலக்காகக் கூடாது. அரசு தன் பொறுப்பிலுள்ள இக்கூடங்களில் இதை முதலில் நடைமுறைப்படுத்தினால் தனியார் மண்டபங்களும் மறுக்க முடியாது. இந்த விதிகள் ரசீதின் முன்பக்கத்தில், படிக்கக்கூடிய அளவில், தமிழில் அச்சிடப்பட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்