கரையிலேயே நின்றுவிடும் எச்சரிக்கை

ஆசிரியருக்கு,

மீனவர்களுக்கான வானிலை எச்சரிக்கை இனி கைபேசிக்கே வரும் என்ற செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது கரையில் இருப்பவனுக்கான ஏற்பாடு. தூத்தூர், சின்னத்துறை பகுதிகளிலிருந்து ஆழ்கடல் செல்லும் விசைப்படகுகள் வாரக்கணக்கில் கடலிலேயே தங்குகின்றன. கரை மறைந்த சிறிது நேரத்தில் கைபேசிக்கு வேலையில்லை. 2017 நவம்பர் 30 அன்று குமரி முனையருகே ஒக்கி புயலாக வலுப்பெற்றபோது, சிக்கியவர்களில் பலர் முன்பே கடலுக்குள் இருந்தவர்கள். ‘கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்ற அறிவிப்பால் அவர்களுக்கு என்ன பயன்?

சென்ற ஆண்டு நாங்கள் பதினெட்டு நாள் தங்கித் திரும்பினோம். கரை நெருங்கியதும் என் கைபேசி விடாமல் ஒலித்தது. அத்தனையும் எச்சரிக்கைச் செய்திகள். முதலாவது பன்னிரண்டு நாள் பழையது. அந்தக் காற்றை நாங்கள் ஏற்கெனவே பட்டுத் தீர்த்திருந்தோம். செயற்கைக்கோள் வழியே செய்தி தரும் நாவிக் கருவி பல படகுகளுக்கு வழங்கப்பட்டுள்ளது. அதை ஆழ்கடலில் தங்கும் படகுகள் அனைத்திலும் பொருத்த வேண்டும். கூடவே, வானொலியின் மத்திய அலைவரிசையில் விடியற்காலையும் மாலையும் குறித்த நேரத்தில் காற்றின் திசை, வேகம், அலை உயரம் ஆகியவற்றைக் கடல் பகுதிவாரியாகத் தமிழில் இருமுறை நிதானமாக வாசிக்கலாம். வடகாற்றை வாடை, கீழ்க்காற்றைக் கொண்டல் என்று சொன்னால் எங்கள் படகில் எல்லோருக்கும் புரியும்.

விசைப்படகுத் தொழிலாளி ஒருவர்,
கன்னியாகுமரி மாவட்டம்