‘தெரிந்திருந்தால் நல்லது’ என்றால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

செயலி, இணையதளங்களைப் பயன்படுத்த எளிதாக வடிவமைக்கும் யூஎக்ஸ் டிசைன் வேலைக்கு எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கலாம் என்று உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி வடிவமைக்கும் அக்சஸிபிலிட்டி பற்றி அதில் ஒரே வரி: ‘தெரிந்திருந்தால் நல்லது.’

ஏழு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பணம் கட்டிப் படித்த பயிற்சியில் அது ஒரு மதியப் பாடம், அவ்வளவுதான். அப்புறம் ஒருநாள், நான் வடிவமைத்த செயலியைப் பார்வையற்ற ஒருவர் என் எதிரிலேயே, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் வைத்துத் திறந்தார். போன் “பட்டன், பட்டன், பட்டன்” என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஐகான்களுக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. “இதில் அனுப்புவது எது, அழிப்பது எது?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு கற்றதெல்லாம் காசில்லாமல்தான். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அக்சஸிபிலிட்டி விதிகளான டபிள்யூசிஏஜி இணையத்திலேயே இருக்கின்றன, 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. படித்தால் தூக்கம் வரும், உண்மைதான். அதனால் முதலில் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை விண்டோஸில் நிறுவுங்கள். மவுஸைக் கழற்றிவிட்டு, டேப் கீயை வைத்தே ஒரு படிவத்தை நிரப்பிப் பாருங்கள். பாதியில் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல் போகும். நிறமும் அப்படித்தான். வெள்ளையின் மேல் 999999 என்ற நிறக்குறியீடு கொண்ட சாம்பல் எழுத்து அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதன் கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம், மூன்றைக்கூடத் தொடாது. சாதாரண அளவு எழுத்துக்கு 4.5 வேண்டும். 767676 அளவுக்கு அடர்த்தியாக்கினால்தான் மயிரிழையில் தேறும்.

சரி, சம்பளத்துக்கு வருகிறேன். வேலை விளம்பரத்தில் ‘அக்சஸிபிலிட்டி கட்டாயம்’ என்று போட்ட ஒரு நிறுவனம், தொகை பேசும்போது “அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே” என்றது. நண்பர்கள் சொன்ன தொகையை முந்திக்கொண்டு சொன்னது என் தவறு. அடுத்த நேர்காணலில் “இந்தப் பொறுப்புக்கு நீங்கள் ஒதுக்கிய சம்பள வரம்பு என்ன?” என்று நான் முதலில் கேட்டேன். ஒரு படிவத்தில் நான் கண்டுபிடித்த பிழைகளையும் திருத்திய விதத்தையும் இரண்டு பக்கத்தில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். பேச்சு அதைச் சுற்றியே போனது. வரம்பின் மேல்பக்கத்தில் முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் இணைய விற்பனை, வங்கிச் சேவை போன்றவற்றுக்கு அக்சஸிபிலிட்டி சட்டக் கடமை. அங்கே விற்கும் நிறுவனத்திடம் இதையும் சொல்லிக் கேட்கலாம்.

இன்னொன்று. உங்கள் இணையப் பதிப்பில் அந்தச் சம்பள அட்டவணையைப் படமாகப் போட்டிருக்கிறீர்கள். என்விடிஏ வைத்துக் கேட்டேன். ஒரு தொகையைக்கூட அது சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு யூஎக்ஸ் டிசைனர்