ஏகமனதாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன் என்று உனக்கு வருத்தமாம். போர்டு மீட்டிங்கில் ஒரு டைரக்டர் ஆட்சேபம் சொன்னார், மினிட்ஸில் அந்த வரி வேண்டாம் என்கிறார்கள், என்ன செய்ய என்றாய். எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ரிட்டயர் ஆனதிலிருந்து நான் சீனச் சரித்திரத்தோடு மல்லுக்கட்டுவது உனக்குத் தெரியும். தாங் வம்சத்தில், மினிட்ஸ் எழுதும் உன் வேலையைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். சக்கரவர்த்தி சபையில் என்ன பேசினார், என்ன செய்தார் என்று உடனுக்குடன் குறித்து வைப்பார்கள். அதை அவர் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். பின்னால் அந்தக் குறிப்புகளிலிருந்து அவருடைய ஆட்சியின் வரலாறு தயாராகும். வம்சமே போனபிறகு, அடுத்து வந்த வம்சம் அதையெல்லாம் வைத்துப் போனவர்களின் சரித்திரத்தை எழுதும். நல்லபெயர் கொடுப்பது யார் கையில் இருக்கிறது பார்!

தைசோங் சக்கரவர்த்திக்கு இதில் கவலை அதிகம். 626ல் தலைநகரின் சுவான்வூ வாசலில் அண்ணனையும் தம்பியையும் தீர்த்துவிட்டு, அப்பாவை ஒதுங்கவைத்து அரியணை ஏறியவர். மற்றபடி நல்ல ராஜா என்றுதான் பெயர். 629ல் சரித்திர அலுவலகத்தை அரண்மனைக்குள்ளேயே அமைத்து, தலைமை அமைச்சர்களின் மேற்பார்வையில் விட்டவரும் அவரே. அவர் ஒருநாள் குறிப்பெழுதும் சூ சுயிலியாங்கிடம், எழுதியதை நான் பார்க்கலாமா என்று கேட்டார். எந்தச் சக்கரவர்த்தியும் பார்த்ததாகக் கேள்விப்பட்டதில்லை என்றார் அவர். நான் தப்பு செய்தால் அதையும் எழுதுவாயோ? என் வேலையே அதுதானே, எழுதாமல் எப்படி? பக்கத்தில் இருந்த லியூ ஜி என்ற அதிகாரி, இவர் எழுதாவிட்டாலும் ஊர் உலகமெல்லாம் எழுதிவைக்கும் என்றாராம்.

கதையை இத்தோடு நிறுத்துகிறவர்கள் உண்டு. ஆனால் 643ல் அமைச்சர் ஃபாங் சுவான்லிங் வரலாற்றைத் தொகுத்து ராஜாவின் கையிலேயே கொடுத்துவிட்டார். வாசலில் நடந்தது பட்டும்படாமல் எழுதப்பட்டிருந்தது. தைசோங் என்ன சொன்னார் தெரியுமா? பூசி மெழுகாதே, நேராக எழுது. கூடவே, பழைய சோவ் கோமகன் நாட்டுக்காகத் தன் சகோதரர்களைத் தண்டித்தது போலத்தான் நானும் செய்தேன் என்றார். நேராக எழுதச் சொன்னவரே எந்தப் பக்கம் நேர் என்பதையும் சொல்லிவிட்டார். அந்த அண்ணன் நிஜமாகவே அவ்வளவு மோசமானவரா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் சந்தேகப்படுகிறார்கள்.

அடுத்த தலைமுறையில் இன்னும் சுலபமான வழி கண்டார்கள். சபை முடிந்ததும் குறிப்பெழுதுகிறவர்கள் வெளியே போய்விட வேண்டும், அமைச்சர்களின் பேச்சு அப்புறம். உள்ளே நடப்பது பதிவாகவில்லையே என்று 693ல் அமைச்சர் யாவ் ஷூ ஒரு யோசனை சொன்னார்: அமைச்சர்களில் ஒருவரே எழுதி அனுப்பட்டும். உங்கள் எம்.டி.யே மினிட்ஸ் எழுதுவது மாதிரி.

எனக்குப் பிடித்தவர் லியூ ஜிஜி என்ற சரித்திரக்காரர். அரண்மனைச் சரித்திர அலுவலகத்தில் வருஷக்கணக்கில் வெந்து போய், 708ல் ராஜினாமாக் கடிதம் எழுதினார். எழுதும் ஆட்கள் அதிகம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பேனா எடுப்பதில்லை. ஒரு வரி எழுதினால் பெரிய இடங்களுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. மேற்பார்வையாளர் ஒருவர் இப்படி என்றால் இன்னொருவர் அப்படி என்கிறார். தலை நரைத்துவிடும், புத்தகம் முடியாது என்று எழுதினார். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. சரித்திரம் எப்படி எழுதப்படுகிறது, எங்கெல்லாம் கோணலாகிறது என்பதைப் பற்றியே 710ல் 'ஷிதோங்' என்ற நூலை முடித்தார்.

சரி, என் கதை. கூட்டுறவுச் சங்கத்தில் நான் செயலாளராக இருந்தபோது ஒரு கடனுக்கு உறுப்பினர் ஒருவர் எழுந்து ஆட்சேபம் சொன்னார். அதெல்லாம் எதற்கு, ஏகமனதாக என்று போடு என்றார் தலைவர். போட்டேன். 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' அடுத்த கூட்டத்தில் அந்த மனிதர் மினிட் புத்தகத்தை வாங்கிப் படித்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நீ அப்போது இரண்டாம் வகுப்பு. இதை அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

லியூ ஜிஜியின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 721ல் அவருடைய மூத்த மகன் ஒரு குற்றத்தில் நாடு கடத்தப்பட்டான். சரித்திரக்காரர்களிடமே கணக்குக் கேட்டவர், மகனுக்காக அமைச்சர்களிடம் போய் வாதாடினார். அப்போதைய சக்கரவர்த்தி கோபப்பட்டு, அவரைப் பதவி இறக்கி ஆன்ஜோ என்ற ஊருக்கு அனுப்பினார். போன கொஞ்ச நாளில் இறந்தும் போனார். சில வருஷம் கழித்து அதே சக்கரவர்த்தி ஆளனுப்பி, அவர் வீட்டிலிருந்த ஷிதோங்கைப் பிரதி எடுத்து வரச் சொல்லிப் படித்து, நன்றாக இருக்கிறது என்றாராம்.

நானும் அப்படி உன் ஆபீசுக்குக் கிளம்பி வந்துவிடுவேனோ என்று அம்மாவுக்குப் பயம். வரமாட்டேன். உன் அறையில் அடுக்கியிருந்த என் புத்தகங்களை மட்டும் நேற்று ஹாலுக்கு மாற்றிவிட்டேன். கட்டிலைத் துடைத்து வைத்திருக்கிறாள் அம்மா.

அன்புடன்,
அப்பா