குவாரி மெஷினுக்கு கட்டுன ஜிஎஸ்டி எங்க போய் முடங்குது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிரானைட் ஏற்றுமதி பத்தி எப்ப பேச்சு வந்தாலும் "அவங்களுக்கென்ன, ஏற்றுமதிக்கு வரியே கிடையாது, கட்டுன ஜிஎஸ்டியையும் அரசாங்கம் திருப்பிக் குடுத்துடுது"ன்னு யாராவது ஒருத்தர் கண்டிப்பா சொல்லிடறாங்க, நல்லா விவரம் தெரிஞ்சவங்களே சொல்றாங்க. நான் கிருஷ்ணகிரி மாவட்டத்துல சின்ன குவாரிகளுக்கும் ரஃப் பிளாக், அதாவது பாலிஷ் போடாத பாறைக் கட்டி, ஏற்றுமதி பண்றவங்களுக்கும் கணக்கு பாக்குறவன். ரீஃபண்ட் உண்மையில எவ்வளவு வருது, எது வர்றதே இல்லன்னு வாசகர்களுக்கு தெரியணும்னு தான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

முதல்ல, இது சலுகையே இல்ல சார். மாநிலம் தாண்டற, நாடு தாண்டற வியாபாரத்துக்கான ஐஜிஎஸ்டி சட்டத்தோட 16வது பிரிவு ஏற்றுமதிய ஜீரோ ரேட்டட்னு வச்சிருக்கு, அதாவது வெளிய போற சரக்குக்கும் வரி கிடையாது, அந்தக் கல்ல வெட்டி எடுக்க வாங்குன பொருளுக்கும் சர்வீசுக்கும் கட்டுன வரியும் விலைக்குள்ள தங்கிடக்கூடாது. நம்ம ஊர் வரிய வெளிநாட்டு பார்ட்டி தலைல வச்சா அவங்க பிரேசில் கல்ல வாங்கிட்டுப் போயிடுவாங்க, அவ்வளவு தான் இதுல இருக்கற நியாயம். ஜிஎஸ்டிக்கு முன்னாடி வாட் காலத்துலயும் இதே தான், 2007 ஜனவரில தமிழ்நாட்டுல வாட் வந்தப்போ 18வது பிரிவுல இந்த ஏற்பாடு இருந்துச்சு, ஃபார்ம் டபிள்யூ போட்டு கேக்கணும், 180 நாள் கெடு, விட்டா அந்த கிரெடிட், அதாவது பொருள் வாங்கும்போது கட்டி நம்ம கணக்குல நிக்கற வரி, அரசாங்கத்துக்கு போயிடும். இப்ப அந்தக் கெடு ரெண்டு வருஷம், கப்பல் கிளம்புன தேதியில இருந்து எண்ணணும்.

சரி, இப்ப எப்படி திருப்பி வாங்கறதுன்னா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, எல்யுடின்னு ஒரு உறுதிமொழிக் கடிதம் குடுத்துட்டு வரி கட்டாம சரக்க அனுப்பிட்டு, மிஞ்சி நிக்கற இன்புட் கிரெடிட்ட ஆர்எஃப்டி-01ங்கற ரீஃபண்ட் விண்ணப்பம் போட்டு கேக்கறது. இன்னொண்ணு, ஏற்றுமதி பில்லுக்கே ஐஜிஎஸ்டி கட்டிட்டு, அதையும் கையில இருக்கற கிரெடிட்ல இருந்து தான் கட்டறோம், அப்புறம் கஸ்டம்ஸ் மூலமா அந்தப் பணத்த வாங்கறது, இதுல கஸ்டம்ஸ்ல குடுக்கற ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில்லே ரீஃபண்ட் விண்ணப்பம், தனியா மனு தேவையில்ல. எந்த வழின்னு ஏற்றுமதி பண்றவரு தான் முடிவு பண்ணணும். இத முடிவு பண்றதுல தான் விஷயமே இருக்கு, ஏன்னா எல்யுடி வழிக்கு 89(4)ன்னு ஒரு விதி ஃபார்முலா வச்சிருக்கு, அந்த ஃபார்முலால மெஷினுக்கு கட்டுன வரி சேராது. இன்புட், இன்புட் சர்வீஸ் மட்டும் தான். கேப்பிட்டல் கூட்ஸ், அதாவது மெஷின் மாதிரி நிலைச்ச சொத்து, கிடையாது.

துணிக்கடைக்கோ மசாலா கம்பெனிக்கோ இது பெரிசா தெரியாது. குவாரியில முதலீடே மெஷின் தான். பொக்லைன், கம்ப்ரஸர், கிரேன், டைமண்ட் வயர் சா, ஜெனரேட்டர், எல்லாத்துக்கும் 18 சதவீதம். கல்லுக்குன்னு நாம எதையும் விலை குடுத்து வாங்கறதில்ல, அது பூமிக்குள்ள இருக்கு, அத உடையாம முழுசா வெளிய எடுக்கறதுக்கு தான் அத்தனை செலவும்.

ஒரு கணக்கு சொல்றேன், புரியறதுக்காக ரவுண்டா போட்ட நம்பர். ஒரு குவாரி மாசம் 80 லட்சத்துக்கு பிளாக் ஏற்றுமதி, 20 லட்சத்துக்கு உள்ளூர் விற்பனை பண்ணுதுன்னு வைங்க. வெடிமருந்து, வயர், ஸ்பேர், லாரி வாடகை, ஒப்பந்த வேலை இதுக்கெல்லாம் மாசம் 6 லட்சம் கிரெடிட் சேருது. அந்த மாசம் 60 லட்சத்துக்கு ஒரு பொக்லைன் வாங்குறாங்க, அதுக்கு ஜிஎஸ்டி 10 லட்சத்து 80 ஆயிரம். எல்யுடி வழியில போனா ரீஃபண்ட் 6 லட்சத்துல 80 சதவீதம், 4 லட்சத்து 80 ஆயிரம். மிச்சம் 1 லட்சத்து 20 ஆயிரமும், பொக்லைனோட 10 லட்சத்து 80 ஆயிரமும் ஜிஎஸ்டி கிரெடிட் கணக்கான லெட்ஜர்ல நிக்கும், உள்ளூர் விற்பனைக்கு வர்ற வரியில தான் கழிச்சுக்கணும்.

இங்க தான் 2025 செப்டம்பர் 22 வருது. அன்னைக்கு கிரானைட் பிளாக்குக்கு ஜிஎஸ்டி 12ல இருந்து 5 ஆச்சு. எல்லா பேப்பர்லயும் நல்ல செய்தியா தான் வந்துச்சு, உள்ளூர்ல கல் வாங்கறவங்களுக்கு நிஜமாவே நல்லது, நான் அத குறை சொல்லல. ஆனா மேல சொன்ன குவாரிய அந்த ரெண்டு ரேட்லயும் ஓட்டிப் பாருங்க. 12 இருந்தப்போ உள்ளூர் விற்பனை 20 லட்சத்துக்கு வரி 2 லட்சத்து 40 ஆயிரம், அதுல மாசாமாசம் மிஞ்சற 1 லட்சத்து 20 ஆயிரம் போக இன்னொரு 1 லட்சத்து 20 ஆயிரம் மெஷின் கிரெடிட்ல இருந்து கழியும், 9 மாசத்துல பொக்லைன் வரி முழுசா தீந்துடும். ஐஜிஎஸ்டி கட்டற வழியில போயிருந்தா இன்னும் வேகம், ஏற்றுமதிக்கு 9 லட்சத்து 60 ஆயிரம் கட்டி அத ரொக்கமா வாங்கி, ரெண்டே மாசத்துல மெஷின் வரி வெளிய வந்திருக்கும். இப்ப 5 சதவீதத்துல? உள்ளூர் விற்பனைக்கு வரி 1 லட்சம் தான், மாசாமாசம் மிஞ்சற 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கே அது பத்தல, பொக்லைன் கிரெடிட்டுக்கு டர்னே வராது. ஐஜிஎஸ்டி வழியில போனா ஏற்றுமதிக்கு 4 லட்சம், உள்ளூருக்கு 1 லட்சம், மொத்தம் 5 லட்சம் தான் கழியும், மாசம் சேர்றதோ 6 லட்சம். ஆக எந்தப் பக்கம் போனாலும் மெஷினுக்கு கட்டுன 10 லட்சத்து 80 ஆயிரம் அப்படியே கிடக்கும், மேல மேல ஏறவும் செய்யும். ரேட்ட குறைச்சதுல ரஃப் பிளாக் அனுப்பற ஏற்றுமதியாளருக்கு இருந்த ஒரே வழியும் சுருங்கிப் போச்சுன்னு நான் இதுவரைக்கும் எந்த செய்தியிலயும் படிக்கல. பாலிஷ் ஸ்லாப் அனுப்பறவங்களுக்கு ரேட் 18லயே இருக்கறதால அவங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல.

உள்ளூர் விற்பனைக்கு இன்வர்டட் டியூட்டி ரீஃபண்ட், அதாவது விக்கற ரேட்ட விட வாங்கற ரேட் அதிகமா இருந்தா குடுக்கற ரீஃபண்ட், கேக்கலாமேன்னு ஆடிட்டருங்க சொல்வாங்க. கேக்கலாம், கொஞ்சம் வரும். அதுலயும் மெஷின் கிடையாது, சர்வீசும் கிடையாது, அப்படி சர்வீஸ விட்டது செல்லும்னு உச்ச நீதிமன்றமே 2021 செப்டம்பர்ல விகேசி ஃபுட்ஸ்டெப்ஸ் வழக்குல சொல்லிடுச்சு. அந்தத் தீர்ப்புலயே ஃபார்முலால இருக்கற கோளாற ஜிஎஸ்டி கவுன்சில் பாக்கணும்னும் சொன்னாங்க.

பெரிய கம்பெனிகளுக்கு இது வலிக்கல, அதுக்கு காரணம் ஏற்றுமதியாளருங்க மெஷின் வாங்கறதுக்கான இபிசிஜி திட்டம். வெளிநாட்டு மெஷின இறக்குமதி பண்ணா கஸ்டம்ஸ் டியூட்டியும் இல்ல ஐஜிஎஸ்டியும் இல்ல, மிச்சமான டியூட்டியப் போல 6 மடங்கு 6 வருஷத்துல ஏற்றுமதி பண்ணிக் காட்டணும். வரியே கட்டலன்னா முடங்கறதுக்கு என்ன இருக்கு. பர்கூர் பக்கம் குத்தகை எடுத்து 20 பேர வச்சு வேலை பாக்கற ஆளு, ஓசூர் ரோட்டுல இருக்கற டீலர்கிட்ட லோன் போட்டு பொக்லைன் வாங்குறாரு, அந்த 18 சதவீதத்துக்கும் சேத்து வட்டி கட்டறாரு. ஒரே கல்லு, ஒரே கன்டெய்னர், ஒரே துறைமுகம்.

அடுத்தது டீசல். ஜிஎஸ்டி வந்ததோட வாட் ஒழிஞ்சதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, டீசல்ல இன்னும் வாட் தான், மத்திய ஜிஎஸ்டி சட்டம் (சிஜிஎஸ்டி) 9(2) பிரிவுல டீசல வெளிய நிறுத்தி வச்சிருக்காங்க. தமிழ்நாட்டுல 2020 மே மாசத்துல இருந்து டீசலுக்கு 11 சதவீதம், அதுக்கு மேல லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு. குவாரியில கம்ப்ரஸரும் டீசல், பொக்லைனும் டீசல், கரண்ட் போகாத மலை மேல ஜெனரேட்டரும் டீசல். இதுல ஒரு பைசா கிரெடிட் கிடையாது. இதுக்கு தான் இப்படி திரும்பி வராத வரிய ஏற்றுமதியாளருக்கு ஈடு கட்டற ரோட்டெப்னு 2021 ஜனவரில இருந்து ஒரு திட்டம் இருக்குதேம்பாங்க, இருக்கு, வரவேற்கறேன், ஆனா அது ஒரு சரக்குக்கு நாடு பூரா ஒரே சராசரி சதவீதம், ரோட்டோரத்துல இருக்கற குவாரிக்கும் மலை உச்சியில இருக்கற குவாரிக்கும் டீசல் செலவு ஒண்ணா?

சீனியரேஜ் விஷயத்த சீக்கிரம் சொல்லிடறேன். வெட்டி எடுத்த கல்லுக்காக அரசாங்கத்துக்கு கட்டற சீனியரேஜ் கட்டணத்து மேல 18 சதவீத ஜிஎஸ்டிய நாமளே ரிவர்ஸ் சார்ஜ்ல கட்டணும், அதுவும் ரொக்கமா மட்டும் தான், லெட்ஜர்ல லட்சக்கணக்குல கிரெடிட் கிடந்தாலும் அதத் தொடக்கூடாது. கட்டுனதுக்கு அப்புறம் கிரெடிட் ஆகும், ரீஃபண்ட் ஃபார்முலாலயும் சேரும், ஒத்துக்கறேன். ஆனா கிரெடிட் இருக்கறவன் கடன் வாங்கி வரி கட்டற நிலைமை இது.

இப்ப ரீஃபண்ட் ஆபீஸ். சட்டம் நல்லா தான் இருக்கு. விண்ணப்பத்துக்கு 15 நாள்ல ஒப்புகை, அதுல இருந்து 7 நாள்ல 90 சதவீதம் தற்காலிக ரீஃபண்ட், 60 நாள்ல முழு உத்தரவு, தாண்டுனா 6 சதவீதம் வட்டி. நாம லேட் பண்ணா 18 சதவீதம், அது வேற. நடக்கறது என்னன்னா 15வது நாள் விண்ணப்பத்துல குறை இருக்குன்னு ஒரு டெஃபிஷியன்சி மெமோ வரும், ஷிப்பிங் பில்லுல எஃப்ஓபி மதிப்பும் (கப்பல்ல ஏத்தற வரைக்குமான மதிப்பு) இன்வாய்ஸ் மதிப்பும் ஒத்து வரலன்னு. 2022 ஜூலைல அதே 89(4) விதியில சேத்த விளக்கத்துல ரெண்டுல எது கம்மியோ அத எடுத்துக்கணும்னு தெளிவா இருக்கு, அத காட்டி புதுசா விண்ணப்பம் போடணும், ஏன்னா மெமோ வந்தா பழைய விண்ணப்பம் செத்துப்போச்சு, நாள் கணக்கு மறுபடி ஒண்ணுல இருந்து. அடுத்த 15வது நாள் வேற ஒரு காரணத்துக்கு இன்னொரு மெமோ. ஒரு ஆபீஸ்ல முதல் தடவையே இருந்த குறைய மூணாவது மெமோல சொன்னாங்க, அதுக்குள்ள அந்த எக்ஸ்போர்ட்டர் அடுத்த ஆர்டருக்கு வெட்ட வேண்டிய கல்லுக்கு டீசல் போட காசில்லாம வேலைய நிறுத்தி வச்சாரு, தினக்கூலிக்கு வந்தவங்க வீட்டுக்கு போயிட்டாங்க. எந்த ஆபீஸ்னு சொல்லல, அங்க இருக்கறவங்களும் ஆள் பத்தாம தான் கஷ்டப்படறாங்க.

இது நம்ம ஊர் பிரச்சனை மட்டும் இல்ல. ஆப்பிரிக்காவுல சாம்பியான்னு செம்பு தோண்டற நாடு, அங்க 2013, 14ல வாட் ரீஃபண்ட் கேக்கற சுரங்க கம்பெனிங்க, சரக்கு போய் சேந்த நாட்டோட இறக்குமதி ஆவணத்த காட்டணும்னு ஒரு விதிய கறாரா பிடிச்சாங்க. செம்பு பாதி வழியிலயே கை மாறி எங்கெங்கயோ போகும், அந்த ஆவணத்துக்கு விக்கறவன் எங்க போவான்? கோடிக்கணக்கான டாலர் ரீஃபண்ட் நின்னுச்சு, க்ளென்கோர் மாதிரி கம்பெனியே அங்க முதலீட்ட நிறுத்தி வைக்கற அளவுக்கு போச்சு, கடைசில 2015ல அந்த விதிய தளர்த்துனாங்க. அங்க அரசாங்கத்தோட பேசறதுக்கு உலக கம்பெனிங்க இருந்துச்சு. நம்ம மாவட்டத்து ஜெகதேவி ஊர் பக்கத்து குவாரிக்காரர் டெல்லில யாரோட பேசுவாரு?

அதனால தான் உங்க பத்திரிகை வழியா கேக்கறேன். 89(4) ஃபார்முலால கேப்பிட்டல் கூட்ஸ் வரியையும் சேக்கணும். ஒரேயடியா குடுத்தா ஏமாத்திடுவாங்கன்னு பயம் இருந்தா பிரிச்சுக் குடுங்க, அதுக்கு புதுசா யோசிக்கவே வேணாம், ஜிஎஸ்டி விதி 43ல மெஷினோட ஆயுள 60 மாசம்னு இவங்களே வச்சிருக்காங்க, வரிவிலக்கு சரக்குக்கு பயன்பட்ட மெஷின் கிரெடிட்ட திருப்பி வாங்கறதுக்கு அந்த 60ல தான் வகுக்கறாங்க. வாங்கறதுக்கு சரியா இருக்கற கணக்கு குடுக்கறதுக்கும் சரியா தானே இருக்கணும். மேல சொன்ன பொக்லைனுக்கு மாசம் 18 ஆயிரம், ஏற்றுமதி பங்கு 80 சதவீதம், 14 ஆயிரத்து 400 ரூபாய். இவ்வளவு தான் கேக்கறோம். ஜிஎஸ்டி கவுன்சில்ல தமிழ்நாட்டு நிதியமைச்சர் உக்காந்திருக்காரு, கல் ஏற்றுமதி பண்ற கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானாவும் உக்காந்திருக்கு, நாலு பேரும் சேந்து ஒரு தடவை இத எழுப்பலாம். டீசல் வாட் முழுக்க மாநில அரசு கையில, ஏற்றுமதிக்கு வெட்டுன கல்லுக்கு எரிஞ்ச டீசல் வாட்ட லாக் புக்க பாத்து திருப்பிக் குடுக்க டெல்லிய கேக்க வேண்டியதில்ல. மெமோ போடறதா இருந்தா எல்லா குறையையும் ஒரே மெமோல எழுதுங்க, இதுக்கு சட்டத் திருத்தம் கூட வேணாம்.

இத படிக்கற சின்ன ஏற்றுமதியாளருங்களுக்கும் ஒரு வார்த்தை. எல்யுடி குடுத்தாச்சு, ரீஃபண்ட அப்புறம் பாத்துக்கலாம்னு ஃபைல மூடி வச்சவங்க, உங்க பழைய ஷிப்பிங் பில்ல எடுத்து கப்பல் கிளம்புன தேதிய பாருங்க, ரெண்டு வருஷம் நெருங்குற பில்லு இருந்தா அந்த மாசத்துக்கு முதல்ல ஆர்எஃப்டி-01 போடுங்க. சப்ளையர் ரிட்டர்ன் போடலன்னா உங்க 2பி-ல, அதாவது ஜிஎஸ்டி போர்ட்டல் காட்டற உங்க கிரெடிட் பட்டியல்ல, அந்த பில் வராது, வராத பில்லுக்கு ரீஃபண்ட் கிடையாது, அதனால கம்ப்ரஸர் வாடகைக்கு விடறவரு, லாரிக்காரரு எல்லாருக்கும் பாக்கிய செட்டில் பண்றதுக்கு முன்னாடி 2பி-ய ஒரு தடவை திறந்து பாத்துக்கங்க.

இப்படிக்கு,
குவாரி கணக்காளர் ஒருவர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.