பழைய டோசருக்கும் ஒரு மரியாதை

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் பழைய கார்கள் ஊர்வலம் போனதைப் பற்றி உங்கள் வாரமலரில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். மொரிஸ் மைனருக்குக் கிடைக்கும் கைதட்டலில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் பழைய புல்டோசரை ஒருவன் நின்று பார்த்தால் மட்டும் "இரும்பில் என்ன பைத்தியம்?" என்கிறார்கள்.

அந்த இரும்பு இங்கே செய்த வேலை கொஞ்சமல்ல. 1949இல் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் தொடங்கியபோது, இங்கினியாகலை அணையைக் கட்ட அமெரிக்காவின் மொரிசன் நட்சன் நிறுவனம் கனரக இயந்திரங்களோடு வந்தது. சேனநாயக்க சமுத்திரத்தில் படகு ஓட்டிப் படம் எடுக்கிறோமே, அந்தத் தண்ணீரைத் தேக்கி நிற்பது அந்த அணைதான். பிறகு மகாவலித் திட்டம். ரயிலுக்குக் கடுகண்ணாவையில் அருங்காட்சியகம் இருக்கிறது. டோசருக்குப் பழைய இரும்புக்கடைதான்.

கட்டர்பில்லர் கம்பனியின் அந்தக் காலத்து டி7, டி8 டோசர் ஸ்டார்ட் ஆவதை ஒருமுறை பார்க்க வேண்டும். பெரிய டீசல் எஞ்சினோடு சின்னதாக இரண்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்று ஒட்டியிருக்கும். பொனி என்பார்கள். முதலில் அதைக் கிளப்ப வேண்டும். இரண்டுக்கும் குளிர்விக்கும் தண்ணீர் ஒன்றே; பொனி விடும் புகையின் சூடு டீசல் உறிஞ்சும் காற்றையும் சூடாக்கும். அவசரப்பட்டால் நடக்காது. சூடு ஏறியதும் கிளச்சைப் போட்டு டீசல் எஞ்சினைச் சுற்றவிட்டு, ஒயில் பிரஷர் வந்த பிறகு அதற்கு எரிபொருளைத் திறந்தால், கரும்புகையோடு அது எழும்பும். காலடி நிலம் அதிரும்.

ஓட்டுவதும் லேசல்ல. பழையவற்றில் மண் தள்ளும் முன் பிளேடு கம்பிக் கயிற்றில் தொங்கும். தூக்குவது கயிறு சுற்றும் வின்ச்; இறங்குவது சொந்தப் பாரத்தில். ஹைட்ரோலிக் போலக் கீழே அழுத்த வழியில்லை. பள்ளத்தில் பாரம் தள்ளிக்கொண்டு இறங்கும்போது இடது பக்கக் கிளச்சை விடும் லீவரை இழுத்தால் வண்டி வலது பக்கம் திரும்பக்கூடும். கிளச் விட்ட பக்கத்துச் சங்கிலியை (டோசருக்குச் சக்கரத்துக்குப் பதில் அதுதான்) எஞ்சின் பிடித்து வைக்காததால் அது வேகமாக உருண்டுவிடும். இது தெரியாமல் ஏறியவன் பாடு திண்டாட்டம்தான்.

சிலர் மஞ்சள் பெயின்ட் அடித்து வாசலில் நிறுத்திவிட்டு, 'புதுப்பித்துவிட்டோம்' என்கிறார்கள். (கட்டர்பில்லரே 1931 வரை சாம்பல் நிறத்தில்தான் வந்தது, அது வேறு கதை.) என்னைக் கேட்டால் அது பிணத்துக்குப் பவுடர் போடுகிற வேலை. ஓட வேண்டும், மண் தள்ள வேண்டும்.

சரி, பாகங்களுக்கு எங்கே போவது? சங்கிலிக் கண்ணிகளை இணைக்கும் இரும்பு ஊசியும் (பின்) அதன் உறையும் (புஷ்) ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் கழற்றி அரைச்சுற்றுத் திருப்பிப் பூட்டலாம். இன்னும் கொஞ்ச காலம் ஓடும். கிடைக்காத புஷ்ஷை லேத்தில் கடைந்து தரும் கைகள் கொழும்பில் இன்னும் இருக்கின்றன. வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் விசாரித்தால் யாராவது வழி சொல்வார்கள்.

ஆகவே, யார்ட் மூலையில் பழைய டோசரைப் போட்டு வைத்திருக்கும் ஒப்பந்தக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய இரும்பாக நிறுத்து விற்பதற்கு முன் எஞ்சின் கையால் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால், ஓட்டிப் பார்க்க விரும்பும் ஒருவரைத் தேடுங்கள். அதுவரை, தயவுசெய்து அந்தப் பொனியை மட்டும் கழற்றித் தனியாக விற்றுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.