ஊசி போட்ட மாதம் தேதி தள்ளினால் யாரிடம் கேட்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் திட்டம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். 2025-26 தமிழக பட்ஜெட்டில் இதற்காக 36 கோடி ரூபாய் என்று அறிவித்தபோதே சந்தோஷப்பட்டவள் நான். அரசு பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன், எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் காசு கொடுத்து இந்த ஊசியை யாரும் போடப்போவதில்லை. செய்தியில் வழக்கம்போல கை வலிக்கலாம், லேசாகக் காய்ச்சல் வரலாம் என்று போட்டிருந்தீர்கள். சரி. ஆனால் அம்மாக்கள் எங்களிடம் வந்து கேட்கப்போகும் முதல் கேள்வி அது இல்லை. "டீச்சர், பீரியட்ஸ் நேரத்துல போடலாமா? போட்டா தேதி மாறிடுமா? நாளைக்கு கல்யாணம் ஆனா குழந்தை நிக்குமா?" இதைத்தான் கேட்பார்கள். இதற்குப் பதில் சொல்லும் ஒரு வரிகூட எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் நான் பார்த்ததில்லை.

2021 ஏப்ரல் கடைசியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதானவர்களுக்கெல்லாம் கொரோனா ஊசி திறக்கப்போகிற நேரம், மாதவிலக்குக்கு ஐந்து நாள் முன்னாலும் பின்னாலும் ஊசி போடாதீர்கள், அப்போது எதிர்ப்பு சக்தி குறைந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஊரெல்லாம் சுற்றியது. அது பொய் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் உடனே மறுத்தது. மறுத்தது சரிதான், எந்த நாளில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பிரச்சினை அப்புறம் வந்தது. ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் சிலர் இந்த மாதம் தேதி தள்ளிப்போச்சு, வழக்கத்தைவிட அதிகமாகப் போகுது என்று சொல்ல ஆரம்பித்தபோது, அவர்கள் பேச்சையும் அதே வதந்திக் கூடையில் போட்டுவிட்டார்கள்.

எங்கள் பள்ளியில் நடந்த கொரோனா ஊசி முகாமில் பதிவு மேசையில் இருந்த தம்பி ஆதார், போன் நம்பர், சுகர், பிரஷர், அலர்ஜி என்று வரிசையாகக் கேட்டுத் தட்டிக்கொண்டே போனார். ஊசி போட்டு அரைமணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினார்கள். ஏற்பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எங்கள் கணக்கு டீச்சருக்கு அந்த மாதம் பத்து நாளாகியும் நிற்கவில்லை. டாக்டரிடம் போய்ச் சொன்னதற்கு, "ஊசிக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம், டென்ஷனைக் குறைங்க" என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருக்கு வந்தது ஊசியால்தானா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சம்பந்தமே இருக்க முடியாது என்று அந்த டாக்டர் எதை வைத்து அடித்துச் சொன்னார்?

சம்பந்தம் இருக்கிறது என்று அதற்கப்புறம் ஆராய்ச்சிகள் வந்துவிட்டன. அமெரிக்காவில் கேத்தரின் லீ, கேட் கிளான்சி என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஊசிக்குப் பிறகு தங்களுக்கே மாற்றம் தெரிந்ததால், 2021 ஏப்ரலில் ஒரு கருத்துக்கணிப்பு தொடங்கினார்கள். 2022-இல் வெளியான அந்த ஆய்வில் 39,000 பேருக்கு மேல் பதில் சொல்லியிருந்தார்கள், ஒழுங்கான மாதவிலக்கு உள்ளவர்களில் 42 சதவீதம் பேர் உதிரப்போக்கு அதிகமானதாகச் சொன்னார்கள். இதை ஊர் முழுக்க 42 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, மாற்றம் கண்டவர்கள்தான் முந்திக்கொண்டு பதில் எழுதுவார்கள். அதனால் ஆலிசன் எடல்மன் என்ற மகப்பேறு மருத்துவரின் குழு வேறு மாதிரி பார்த்தது. மாதவிலக்குத் தேதியைக் குறித்துவைக்கும் செல்போன் செயலியிலிருந்து கிட்டத்தட்ட 4,000 பேரின் பதிவுகளை, ஊசி போட்டவர்கள், போடாதவர்கள் என்று பிரித்து ஒப்பிட்டார்கள். ஊசி போட்ட மாதம் சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகத்தான் நீண்டது. ஒரே சுழற்சிக்குள் இரண்டு டோஸும் போட்டவர்களுக்கு இரண்டு நாள் அளவுக்கு. அப்புறம் தானாகப் பழையபடி ஆகிவிட்டது. அதே குழு கிட்டத்தட்ட 20,000 பேரை வைத்து மறுபடி பார்த்தபோது நம் கோவிஷீல்டின் மூலமான அஸ்ட்ராசெனகா ஊசியும் அதில் இருந்தது, முடிவு மாறவில்லை. 2022 அக்டோபரில் ஐரோப்பிய மருந்து முகமை, ஃபைசர், மாடர்னா ஊசிகளின் பக்க விளைவுப் பட்டியலிலேயே அதிக உதிரப்போக்கைச் சேர்க்கச் சொன்னது. குழந்தை நிற்பதைப் பற்றிய பயத்துக்கும் பதில் உண்டு. பாஸ்டன் பல்கலைக்கழகம் கர்ப்பத்துக்கு முயன்றுகொண்டிருந்த 2,000-க்கு மேற்பட்ட தம்பதிகளைப் பின்தொடர்ந்து பார்த்ததில், கொரோனா ஊசியால் எந்தத் தடையும் தெரியவில்லை.

இதில் அதிசயமும் கிடையாது. மாதாமாதம் கருப்பை உள்சுவர் உரிந்து, ஆறி, மறுபடி வளர்வதில் பெரும் பங்கு அங்கே இருக்கும் எதிர்ப்பு அணுக்களுக்குத்தான். ஊசி என்பதே எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்புகிற வேலை, அந்தச் சலசலப்பு இங்கேயும் கொஞ்சம் கேட்கத்தானே செய்யும். அதிலும் பெண்களுக்கு எதிர்ப்பு சக்தி பொதுவாகவே வேகம் அதிகம். அது சம்பந்தமான மரபணுக்கள் பல எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன, நமக்கு அது இரண்டு, அதோடு ஹார்மோன்களும் சேர்ந்துகொள்கின்றன. ஃப்ளூ ஊசியில் பெண்களுக்குப் பாதி டோஸிலேயே ஆண்களுக்கு முழு டோஸில் கிடைக்கும் அளவுக்கு எதிர்ப்பு கிடைத்ததாக 2008-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இந்த வேகத்துக்கு விலையும் உண்டு. லூபஸ், முடக்குவாதம் போன்ற, எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்கள் வருபவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள். டைபாய்டு ஊசி போட்ட பெண்களுக்கு மாதவிலக்கு மாறியதாக 1913-லேயே ஒரு மருத்துவ இதழில் வந்திருக்கிறது. நூறு வருஷத்துக்கு அப்புறம் வந்த கொரோனா ஊசிப் பரிசோதனைகளிலும் அந்தக் கேள்வியை யாரும் முறையாகக் கேட்டுவைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

கருப்பைவாய்ப் புற்றுநோய் ஊசி வேறு, கொரோனா ஊசி வேறு. இரண்டையும் நான் குழப்பவில்லை. ஜப்பானில் 2013 ஏப்ரலில் கருப்பைவாய்ப் புற்றுநோய் ஊசியை வழக்கமான திட்டத்தில் சேர்த்தார்கள். சில பெண் பிள்ளைகளுக்கு உடம்பு வலி, நடக்க முடியவில்லை என்று செய்திகள் வர, இரண்டே மாதத்தில் அரசு பரிந்துரையை நிறுத்தியது. ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் 70 சதவீத அளவில் இருந்தது ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது, மறுபடி பரிந்துரை வர 2022 ஆனது. இடையில் நகோயா நகரில் கிட்டத்தட்ட 30,000 பெண்களிடம் மாதவிலக்கு ஒழுங்கின்மை உள்பட 24 தொந்தரவுகளைக் கேட்டுப் பார்த்தார்கள், ஊசி போட்டவர்கள் போடாதவர்களைவிட அதிகம் அவதிப்பட்டதாகத் தெரியவில்லை. அதற்குள் எத்தனை பிள்ளைகள் ஊசி இல்லாமலே வளர்ந்துவிட்டார்கள்.

நம் ஊரிலும் அந்த ஆபத்து உண்டு. பெரியவளாகி ஒன்றிரண்டு வருஷமே ஆன பிள்ளைகளுக்குத் தேதி முன்னே பின்னே போவது சகஜம், ஒரு மாதம் வராமலே போகும். ஊசி போட்ட மாதத்தில் அப்படி ஆனால் பழி ஊசிமேல்தான் விழும், தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஊசிக்கு முன்பே பிள்ளைகளிடம் கடைசி மூன்று மாதத் தேதியைக் கேட்டு அட்டையில் குறித்துவைத்தால், அடுத்த மாதம் மாறினாலும் எதனோடு ஒப்பிடுவது என்று தெரியும். இதைக் கிராம சுகாதார செவிலியர் அக்காவோ, எங்களைப் போன்ற ஆசிரியைகளோ கேட்டால் பிள்ளைகள் கூச்சமில்லாமல் சொல்வார்கள். அட்டையின் பின்பக்கம், மாதவிலக்கு நாளிலும் ஊசி போடலாம், தேதி ரொம்பத் தள்ளினாலோ ஒரு வாரத்துக்கு மேல் நிற்காமல் போனாலோ இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று எழுதி, எடுத்துப் பேசுகிற ஆள் இருக்கும் ஓர் எண்ணையும் போடுங்கள். சுகாதாரத் துறையிடம் இதை நீங்கள் ஒரு செய்தியாளரை விட்டுக் கேட்டுப் போட்டால் நல்லது.

இன்னொன்று, அம்மாக்களுக்காக. மாதவிலக்கு நின்று ஒரு வருஷத்துக்கு மேலான பிறகு உதிரம் பட்டால், அது எந்த ஊசிக்கு அப்புறம் வந்திருந்தாலும் சரி, ஊசிதான் காரணம் என்று நினைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்